ஹேங்க் தாம்சன்: சோகப் பாட்டுக்கு ஆடவைத்தவர்

அமெரிக்கக் கன்ட்ரி இசையின் ஒரு கிளையான ஹாங்கி-டாங்க் பாட்டு மதுக்கடையில் பிறந்தது. விட்டுப்போன மனைவி, விடாத குடி, விடிந்தபின் வரும் வெட்கம் இவைதான் அதன் சரக்கு. இன்னொரு கிளையான வெஸ்டர்ன் ஸ்விங் பிறந்தது நடன அரங்கில். இரட்டை பிடில், தந்திமேல் உலோகத்துண்டைச் சறுக்கி வாசிக்கும் ஸ்டீல் கிட்டார், ஜாஸிலிருந்து எடுத்துக்கொண்ட நடை, நடுநடுவே ஒவ்வொரு கலைஞரும் தனியாக வாசித்துக் காட்ட இடம். இரண்டுமே டெக்சாஸ், ஓக்லஹோமா பக்கத்துச் சரக்குகள்தான். ஆனால் மதுக்கடைக்கு நாலு பேர் இருந்தால் போதும். அரங்குக்குப் பத்துப் பேராவது வேண்டும். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அந்தப் பத்துப் பேருக்குச் சம்பளம் கொடுத்துக் கட்டுப்படியாகவில்லை. வெஸ்டர்ன் ஸ்விங் முன்னோடிகளான மில்டன் பிரவுன், பாப் வில்ஸ் போட்ட பாதை அப்படித்தான் குறுகியது.

அந்த நேரத்தில் இரண்டையும் ஒரே பாட்டுக்குள் வைத்து, இருபது ஆண்டுகள் விற்றும் காட்டியவர் பாடகர் ஹேங்க் தாம்சன். அவருடைய பாட்டுகளில் வரிகள் அழும், தாளம் அழாது. இதைக் கவனிக்காமல் கேட்டால் எல்லாப் பாட்டும் ஒரே மாதிரி இருப்பதாகத் தோன்றும். நிறையப் பேர் அவரைக் கடந்துபோவது அதனால்தான்.

ஹென்ரி வில்லியம் தாம்சன், 1925 செப்டம்பர் 3, டெக்சாஸின் வேக்கோ நகரம். அந்த ஊர் வழியாக ஓடும் பிராசோஸ் ஆற்றின் பெயரைத்தான் பிறகு தன் குழுவுக்கு வைத்தார்: பிராசோஸ் வேலி பாய்ஸ். பள்ளி நாட்களிலேயே உள்ளூர் வானொலியில் பாடினார். 1943இல் கடற்படையில் சேர்ந்து ரேடியோ தொழில்நுட்பம் கற்றார். பிரின்ஸ்டன் உள்ளிட்ட பல்கலைக்கழகங்களில் மின்பொறியியலும் படித்தார். இந்தப் படிப்பு பின்னால் அவருடைய மேடையில் எப்படி வேலை செய்தது என்பதற்கு வருவோம்.

1946இல் ஊர் திரும்பியதும் குளோப் என்ற சிறு இசைத்தட்டு நிறுவனத்துக்காக 'வோ செய்லர்' பாட்டைப் பதிவு செய்தார். டல்லஸின் கேஆர்எல்டி வானொலியில் ஹால் ஹார்ட்டன் அதைத் திரும்பத் திரும்பப் போட்டதில் பெயர் பரவியது. பாடகர் டெக்ஸ் ரிட்டர் சிபாரிசு செய்ய, 1947இல் கேபிட்டல் இசைத்தட்டு நிறுவனம் எடுத்துக்கொண்டது. அங்கே ஏறக்குறைய 18 ஆண்டுகள் இருந்தார். தாம்சன் என்று நாம் பேசுவதில் முக்கால்வாசி இந்த 18 ஆண்டு வேலைதான்.

கேபிட்டலில் முதல் பெரிய வெற்றி 'ஹம்ப்டி டம்ப்டி ஹார்ட்'. 1948 தொடங்கியதும் அமெரிக்க இசைக் கலைஞர் சங்கம் ஒலிப்பதிவு வேலைநிறுத்தம் செய்தது. அந்த ஆண்டு வெளிவந்த பல பாட்டுகளைப்போல இதுவும் 1947இலேயே பதிவாகிவிட்டது. பில்போர்டு இதழின் கன்ட்ரி பட்டியலில் 2ஆம் இடம் வரை போனது. இந்தப் பாட்டைத் திறக்கும் ஸ்டீல் கிட்டார் துணுக்கை வாசித்தவர் லெஃப்டி நேசன். சில நொடிகள்தான், கார்டுகளாகவே (பல சுரங்கள் ஒருசேர ஒலிக்கும் கொத்துகளாகவே) நகர்ந்து, பாட்டு எந்தச் சுருதியில் என்பதை அறிவித்துவிட்டு விலகிவிடும். அதன்பிறகு குழுவில் ஸ்டீல் வாசிக்க யார் வந்தாலும் அந்தத் துணுக்கின் ஏதோ ஒரு வடிவத்தை வாசிக்கவேண்டியிருந்தது. ஜூக்பாக்ஸில் காசு போட்ட மறுநொடி, குரல் வருவதற்கு முன்பே பாடுபவர் யார் என்று தெரிந்துவிடும். வியாபாரத்துக்கு இதைவிட நல்ல முகவரி கிடையாது.

1949இல் 'வோ செய்லர்' மறுபடியும் பதிவாகிப் பட்டியலில் ஏறியது. குளோப் பதிவும் கேபிட்டல் பதிவும் வேறு வேறு. தொகுப்புகளில் இரண்டும் குழம்பிக் கிடக்கும். கேபிட்டலில் குழு இறுக்கமாகவும் குரல் முன்னால் நிற்பதாகவும் இருக்கும். அதற்குப் பிறகு இரண்டு வருடம் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை.

1951 டிசம்பரில் ஹாலிவுட்டில், கென் நெல்சன் தயாரிப்பில் பதிவானது 'தி வைல்ட் சைட் ஆஃப் லைஃப்'. எழுதியவர்கள் ஆர்லி கார்ட்டரும் வில்லியம் வாரனும். தாம்சனுக்கு முன்பே ஜிம்மி ஹீப்பின் குழு இதைப் பாடி வெளியிட்டிருந்தது. மெட்டோ அதைவிடப் பழசு: கார்ட்டர் குடும்பம் 1929இல் பதிவு செய்த 'ஐ'ம் திங்கிங் டுநைட் ஆஃப் மை ப்ளூ ஐஸ்', ராய் அகஃப் 1936இல் பாடிய பக்திப் பாட்டான 'தி கிரேட் ஸ்பெக்கிள்ட் பேர்ட்' இரண்டும் இதே மெட்டு. கேபிட்டல் இதைத் தட்டின் மறுபக்கத்தில்தான் வைத்தது. வானொலிக்காரர்கள் திருப்பிப் போட்டார்கள். 1952இல் 15 வாரம் முதலிடம். வாரக் கணக்கு சில இடங்களில் வேறாக இருந்தால் வியக்கவேண்டாம். அன்றைய பில்போர்டில் கன்ட்ரி இசைக்குக் கடை விற்பனை, ஜூக்பாக்ஸ், வானொலி என்று மூன்று தனிப் பட்டியல்கள் இருந்தன.

பாட்டு ஓர் ஆணின் குற்றச்சாட்டு: கடவுள்தான் உன் மாதிரிப் பெண்களைப் படைத்தாரோ என்ற தொனி. இதற்கு ஜே.டி. மில்லர் ஓர் எசப்பாட்டு எழுத, அதே மெட்டில் 1952 மே 3 அன்று நாஷ்வில்லில் பாடியவர் கிட்டி வெல்ஸ். சங்கம் நிர்ணயித்த 125 டாலர் சம்பளத்துக்காகத்தான் ஸ்டுடியோவுக்குப் போனார். பெண்ணைக் கெடுத்தது ஆண்தான் என்ற அந்தப் பதில் முதலிடம் பிடித்தது. பில்போர்டு கன்ட்ரி பட்டியலில் தனியாகப் பாடிய ஒரு பெண் முதலிடம் தொட்டது அதுவே முதல்முறை. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்கவேண்டும். மெட்டு ஒன்று, கார்டுகள் ஒன்று. வெல்ஸின் பதிவில் பின்னணி ஒதுங்கி நின்று வரிக்கு வழிவிடும். தாம்சனின் பதிவில் வரி என்ன புலம்பினாலும் பேஸ் தன் பாட்டுக்கு நடந்துகொண்டே இருக்கும். என் கணிப்பில் வாதத்தில் வென்றது வெல்ஸ், நடனத்தளத்தில் வென்றது தாம்சன்.

தாம்சனின் பதிவில் ஸ்டீல் வாசித்தவர் கர்லி சாக்கர். இங்கே ஒரு தொழில்நுட்பச் செய்தி. சுருதியை மிதித்து வளைக்கும் பெடல் ஸ்டீல் ஒலி கன்ட்ரி இசையில் பரவியது வெப் பியர்ஸின் 'ஸ்லோலி' 1954இல் பட்டியலில் ஏறிய பிறகு. 1951 பதிவில் நீங்கள் கேட்பது இடக்கையில் பிடித்த உலோகத்துண்டின் வேலை. சில சுருதிகள் சேர்ந்தே சறுக்கும், ஒன்று நிற்க மற்றொன்று மட்டும் வளையாது. இன்றைய குழுக்கள் இந்தப் பாட்டை எடுக்கும்போது முதலில் கெடுவது இந்த இடம். பெடலை மிதித்ததும் பாட்டு 1970களுக்குத் தாவிவிடுகிறது. கையில் பெடல் கருவிதான் இருக்கிறது என்றால் சி6 கார்டுக்குச் சுருதி சேர்த்த கழுத்துக்குப் போய், காலை எடுத்துவிட்டு வாசிப்பது நல்லது.

வாசிக்க விரும்புகிறவர்களுக்குப் பாட்டின் எலும்பைச் சொல்லிவிடலாம். ஜி சுருதியில் வைத்துக்கொண்டால் ஜி கார்டு இரண்டு அளவு (அளவு என்பது நான்கு தாள அடி), சி இரண்டு, டி இரண்டு, மறுபடி ஜி இரண்டு. இந்த எட்டு அளவு அப்படியே திரும்பும். பல்லவிக்கும் சரணத்துக்கும் கார்டில் வேறுபாடு இல்லை. இவ்வளவு எளிய சட்டகத்தில் சலிப்பு வராமல் இருக்கக் காரணம் வேலைப் பிரிவு. பேஸ் அளவுக்கு இரண்டே அடி: முதல் அடியில் கார்டின் மூலச்சுரம், மூன்றாவதில் ஐந்தாம் சுரம். ரிதம் கிட்டார் நான்கு அடியும் அடிக்கும், ஆனால் ஒவ்வோர் அடியையும் உடனே அணைக்கும்.

அணைப்பதுதான் சூட்சுமம். வலக்கை அடித்ததும் இடக்கை விரல்களைத் தந்தியிலிருந்து எடுக்காமல் அழுத்தத்தை மட்டும் தளர்த்தவேண்டும். விரலை முழுக்க எடுத்தால் வெறுந்தந்தி முணுமுணுக்கும். தளர்த்தாமல் விட்டால் கார்டு நீண்டு ஸ்டீலின் இடத்தைத் தின்றுவிடும். ஆறு தந்தியையும் அடிக்கத் தேவையில்லை. 6, 4, 3 ஆகிய மூன்று தந்திகள் போதும். ஐந்தாவதை ஆறாவது தந்தி விரலின் நுனியே தொட்டு அடைத்துவிடும். ஜி6 வேண்டுமானால் அந்த மூன்று தந்திகளில் 3, 2, 4 ஆம் கட்டைகள் (ஃப்ரெட்). அடுத்து 7, 5, 7. இது அடிச்சுரமாக பி நிற்கும் ஜி கார்டு. பிறகு 8, 7, 9 வைத்தால் சி6. கடைசியாக 9, 8, 9. இது சி ஷார்ப் டிமினிஷ்டு. பாட்டு இரண்டு அளவு ஜியிலேயே நிற்கும்போது இந்த நான்கையும் தலா இரண்டு அடி வாசித்தால் ஸ்விங் வந்துவிடும். ஆனால் இடையிசையில் மட்டும். தாம்சன் பாடும் இடத்தில் முதல் இரண்டோடு நிறுத்திக்கொள்ளவேண்டும், இல்லாவிட்டால் மெட்டுக்கும் அடிக்குரலுக்கும் சண்டை வரும். சாமர்த்தியம் காட்ட ஆசைப்படும் கிட்டார்காரர்கள் வழுக்குவது இங்கேதான்.

இரட்டை பிடில்: முதல் பிடில் மெட்டை வாசிக்கும், இரண்டாவது அதற்கு மேலே கார்டில் அடுத்து இருக்கும் சுரத்தைப் பிடிக்கும். மெட்டு ஜியில் நின்றால் இரண்டாவது பி. கண்ணை மூடிக்கொண்டு எப்போதும் மூன்றாம் சுரம் என்று போனால் கார்டு மாறும் இடங்களில் பிசகும். இருவரும் வில்லை ஒரே திசையில் இழுக்காவிட்டால் சுரம் சரியாக இருந்தும் ஒலி இரண்டாகப் பிளந்து கேட்கும். இதற்குப் பயிற்சியைத் தவிரக் குறுக்குவழி கிடையாது. டிரம்ஸ் அடக்கமாக, குச்சிக்குப் பதில் கம்பி பிரஷ்ஷோடு. இரண்டாம் நான்காம் அடியை ராக் குழுபோல ஓங்கி அடித்தால் ஷஃபிள் நடை நொண்டும்.

குரல் வரும்போது எல்லோரும் பின்வாங்குவார்கள். வரி முடிந்து அடுத்த வரி தொடங்குமுன் இருக்கும் இடைவெளி ஒரே ஒரு கருவிக்கு மட்டும். இந்தச் சரணத்தில் ஸ்டீல் என்றால் பிடில் வாய் திறக்காது. பாப் வில்ஸ் குழுவில் தலைவரே நடுவில் கூவி, பேர் சொல்லி அழைத்து, யார் எப்போது பாய்வார்கள் என்று தெரியாத ஒரு குதூகலம் இருக்கும். தாம்சன் குழுவில் அது இல்லை. எல்லாம் அளந்து வைத்தது. இதைக் குறையாகச் சொல்கிறவர்கள் உண்டு. மூன்று நிமிடத்துக்குள் கதை சொல்லவேண்டிய பாட்டுக்கு இந்த அளவுதான் சரி என்பது என் கட்சி. கதை புரியாமல் போனால் ஹாங்கி-டாங்கில் மிஞ்ச ஒன்றுமில்லை.

தாம்சனின் குரலும் இதற்கேற்றது. ஆழமான, சமமான குரல். லெஃப்டி ஃப்ரிஸெல்போல ஒரு எழுத்தை நாலாக வளைக்கமாட்டார், ஹேங்க் வில்லியம்ஸ்போல உடையமாட்டார். சொல்லைச் சொல்லாக, தாளத்தின் மேல் சரியாக உட்கார வைப்பார். அவரைப் பாடிப் பார்க்கிறவர்கள் சோகத்தைக் கூட்டினால் பாட்டு விழுந்துவிடும்.

1950களின் நடுப்பகுதி அவருடைய அறுவடைக் காலம். 1953இல் 'ரப்-அ-டப்-டப்', 1954இல் 'வேக் அப், ஐரீன்' இரண்டும் முதலிடம். முன்னது, ஹம்ப்டி டம்ப்டிபோலவே, குழந்தைப் பாட்டின் சொல்லை எடுத்துக் காதல் பாட்டாக்கிய தந்திரம். கேட்பவருக்குப் பாதி வரி ஏற்கெனவே மனப்பாடம். பின்னது 1950இல் நாடெங்கும் ஒலித்த 'குட்நைட், ஐரீன்' பாட்டுக்குக் கேலியான பதில். மெர்ல் டிராவிஸ் பதிவுகளில் கிட்டார் வாசிக்கத் தொடங்கியதும் இந்தக் காலம்தான். கட்டைவிரலால் அடிச்சுரத்தை நடத்திக்கொண்டே சுட்டுவிரலால் மெட்டெடுக்கும் அவருடைய முறையை 1955இன் 'வைல்ட்வுட் ஃப்ளவர்' கருவியிசைப் பதிவில் தெளிவாகக் கேட்கலாம். 1958இல் 2ஆம் இடம் பிடித்த 'ஸ்க்வாஸ் அலாங் தி யூகான்' இன்று கேட்கக் கூசும். அமெரிக்கப் பழங்குடிப் பெண்களைக் குறிக்கும் தலைப்புச் சொல்லே வசைச்சொல். வாசிப்பு நன்றாக இருப்பதால் அது மாறிவிடாது.

ஓக்லஹோமா சிட்டியில் குடியேறியிருந்தபோது, 1954இல் உள்ளூர் வானொலியில் பள்ளி மாணவி வாண்டா ஜாக்சனைக் கேட்டுத் தன் குழுவோடு பாடவைத்தவர் தாம்சன். குழுவை நடத்திய பில்லி கிரேயும் வாண்டாவும் சேர்ந்து பாடிய 'யூ காண்ட் ஹாவ் மை லவ்' அந்த ஆண்டே வெற்றி பெற்றது. ராக்கபில்லி (கன்ட்ரியும் ராக் அண்ட் ரோலும் கலந்த பாணி) ராணி என்று பிறகு அழைக்கப்பட்டவரின் முதல் படி அது.

மின்பொறியியல் படிப்பு மேடையில்தான் உதவியது. அன்று பெரும்பாலான குழுக்கள் அரங்கில் இருக்கிற ஒலிபெருக்கியை நம்பிப் பாடிவிட்டுப் போகும். தகரக் கூரை அரங்கில் வரிகள் கரைந்துபோகும். தாம்சன் தன் சொந்த ஒலி, ஒளிச் சாதனங்களை ஊர் ஊராக எடுத்துச்சென்ற முன்னோடிகளில் ஒருவர். பத்துப் பேர் வாசிக்கும்போதும் குரல் மேலே நிற்பது இப்படித்தான் சாத்தியம். பெரிய நிறுவனத்தின் விளம்பர ஆதரவோடு சுற்றுப்பயணம் செய்ததிலும் அவர் முன்னோடி. பெரிய குழுவுக்குச் சம்பளம் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு இதுவும் ஒரு விடை.

1959இல் 'சாங்ஸ் ஃபார் ரவுண்டர்ஸ்' தொகுப்பு. குடி, சூது, கொலை என்று ஊதாரிகளின் பழைய பாட்டுகள் மட்டும். 'கொக்கைன் ப்ளூஸ்' உள்பட. தனித் தட்டுகளை அள்ளிப் போட்டுத் தொகுப்பாக விற்ற காலத்தில், ஒரே கருவை எடுத்து ஒரு தொகுப்பு முழுக்க ஓட்டியது அபூர்வம். தாம்சனிடம் ஒன்றே ஒன்று வாங்குவதென்றால் வெற்றிப்பாட்டுத் தொகுப்பை விட்டுவிட்டு இதை வாங்கச் சொல்வேன். 1960இல் 'அ சிக்ஸ் பேக் டு கோ'. 1961இல் லாஸ் வேகஸ் சூதாட்ட விடுதியில் எடுத்த 'அட் தி கோல்டன் நகெட்'. கன்ட்ரி இசையின் ஆரம்பகால நேரடிப் பதிவுகளில் ஒன்று. ஸ்டுடியோவில் அளந்து வாசித்தவர்கள் மேடையில் எவ்வளவு வேகம் பிடிப்பார்கள் என்பதற்கு இதுதான் சாட்சி. இந்தக் காலத்து ஸ்டீல் கலைஞர் பாபி காரெட். 'ரோஸ் சிட்டி சைம்ஸ்' அவர் இசையமைத்தது. அதில் வரும் மணியோசைக்கு, உலோகத்துண்டு இருக்கும் இடத்திலிருந்து 12 கட்டை தள்ளி, தந்தியின் சரிபாதியில், வலக்கையின் ஓரத்தால் தொட்டு மீட்டவேண்டும். அரை அங்குலம் தப்பினால் மணி அடிக்காது, 'டொக்' என்று ஒரு சத்தம்தான் வரும்.

1960களின் நடுவில் கேபிட்டலை விட்டு வார்னர் நிறுவனம், பிறகு டாட். 1968இன் 'ஆன் டாப், இன் தி கேன், ஆர் இன் தி பாட்டில்' பாட்டும் அடுத்து வந்த 'ஸ்மோக்கி தி பார்' பாட்டும் முதல் பத்துக்குள் வந்தன. பாட்டுகள் பரவாயில்லை; பின்னணியில் நாஷ்வில் ஸ்டுடியோக்களின் மெருகு வாடை ஏறி, குழுவின் முகம் மங்கிவிட்டது. 1989இல் கன்ட்ரி மியூசிக் ஹால் ஆஃப் ஃபேம். 2000இல் வந்த 'செவன் டெகேட்ஸ்' தொகுப்பில் லாய்ட் மெய்ன்ஸ் தயாரிப்பு பின்னணியை மறுபடி சிக்கனமாக்கியது. முதிய குரலிலும் தாளக் கணக்கு தப்பவில்லை. 2007 அக்டோபரில் வேக்கோவில் கடைசி நிகழ்ச்சி, நவம்பர் 6இல் மறைவு.

தேடிக் கேட்பவர்கள் கவனிக்கவேண்டியவை சில உண்டு. கேபிட்டலை விட்டபின் தாம்சன் தன் பழைய வெற்றிகளை வேறு நிறுவனங்களுக்காக மீண்டும் பாடினார். மலிவுத் தொகுப்புகளிலும் இணையத்திலும் ‘அசல்’ போல உலவுவதில் பல இவைதான். பழைய வெற்றிகளில் பெடல் ஸ்டீல் வளைவு கேட்டாலோ, பின்னணிக் குழுப்பாடகர்கள் 'ஆ' என்று இழுத்தாலோ, டிரம்ஸ் இடமும் வலமுமாகப் பரந்து கேட்டாலோ அது மறுபதிவு. 1951இல் பதிவான பாட்டு உண்மையான ஸ்டீரியோவாக இருக்க வழியே இல்லை. எல்லாவற்றையும் ஒழுங்காகக் கேட்கவேண்டுமென்றால் ஜெர்மனியின் பேர் ஃபேமிலி நிறுவனம் 1946 முதல் 1964 வரையிலான பதிவுகளை 12 குறுந்தகடுகளில் அடைத்த பெட்டி இருக்கிறது. ஒரே மூச்சில் கேட்கக்கூடிய சமாசாரம் அல்ல.

பழைய தட்டுகளே வேண்டும் என்பவர்கள் கேபிட்டல் எண்களைப் படிக்கக் கற்கவேண்டும். நீண்ட தட்டின் (எல்பி) எண்ணுக்கு முன்னால் T மட்டும் இருந்தால் மோனோ, ST என்றால் ஸ்டீரியோ, DT என்றால் டூயோஃபோனிக். இந்த மூன்றாவது வகை, 1961க்குப் பிறகு மோனோ பதிவை மின்னணு முறையில் இரண்டாகப் பிரித்துச் செய்த போலி ஸ்டீரியோ. குரல் குகைக்குள் போனமாதிரி இருக்கும், ஸ்டீல் ஒரு பக்கம் மெலிந்துவிடும். விலை குறைவாக இருந்தாலும் வாங்கவேண்டாம். 'தி வைல்ட் சைட் ஆஃப் லைஃப்' தனித் தட்டின் எண் 1942. இதை ஆண்டு என்று நினைத்து ஏமாறுகிறவர்கள் இருக்கிறார்கள்.

78 சுற்றுத் தட்டுக்கு 3 மில் (ஒரு மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஊசி வேண்டும். நீண்ட தட்டு ஊசி அந்த அகன்ற பள்ளத்தின் அடியில் கிடந்து அழுக்கைத்தான் வாசிக்கும். மோனோ நீண்ட தட்டுக்கு 1 மில். தட்டு வெட்டும்போதும் வாசிக்கும்போதும் மேல்சுரம், அடிச்சுரம் அளவைச் சரிக்கட்டும் ஆர்ஐஏஏ ஒலிச்சமன் 1954 வாக்கில்தான் பொது நியமம் ஆனது. அதற்கு முந்தைய தட்டுகளை இன்றைய ஆம்ப்ளிஃபயரில் அப்படியே போட்டால் மேல்சுரம் சற்று மங்கி, அடிச்சுரம் கொஞ்சம் கனத்துக் கேட்கும். டோன் குமிழில் ட்ரெபிளை ஒரு சிட்டிகை ஏற்றினால் போதும். ஸ்டீரியோ கார்ட்ரிட்ஜ் மட்டும்தான் இருக்கிறது என்றால் ஆம்ப்ளிஃபயரின் மோனோ பொத்தானை அழுத்துங்கள். மேலும் கீழுமாக ஊசி குதிப்பதால் வரும் இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போக, பேஸும் அணைத்த ரிதம் கிட்டாரும் துலக்கமாக மேலே வரும்.